நம் வீட்டுக் குப்பை யார் தலையில் விழுகிறது?

(வடசென்னையில் தெருவாசிகளும் துப்புரவுத் தொழிலாளர்களும் சேர்ந்து நடத்திய கூட்டமொன்றில் நிகழ்த்தப்பட்ட உரை)



இன்று பேச எடுத்துக்கொண்டிருக்கும் விஷயத்தைக் கேட்டுச் சில நண்பர்கள் சிரித்தார்கள். "விலைவாசி இருக்கிறது, வேலையில்லாத் திண்டாட்டம் இருக்கிறது, பட்டா பிரச்சினை இருக்கிறது. இத்தனையையும் விட்டுவிட்டுக் குப்பையைப் பற்றிப் பேசுவதற்கா ஒரு கூட்டம்?" என்று கேட்டார்கள். அவர்களைக் கோபித்துக்கொள்ள நாம் தயாராயில்லை. ஏனென்றால் நம்மிலே பலரும் நேற்று வரை அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தோம். குப்பை என்றால் வாசலுக்கு வெளியே போய்விட்டால் தீர்ந்துபோன விஷயம் என்பதே நம் எண்ணம்.

ஆனால் குப்பை தீர்ந்துபோவதில்லை. நம் வாசலைவிட்டுப் போனால் வேறொருவர் வாசலுக்குப் போகிறது. அந்த வேறொருவர் யார்? அவர் எந்த வர்க்கம்? எந்தத் தெரு? இந்தக் கேள்வியைக் கேட்ட மாத்திரத்திலேயே இது அரசியல் பிரச்சினையாகிவிடுகிறது.

எங்கே போகிறது?

2011-ஆம் ஆண்டில் சென்னை நகரின் எல்லை விரிந்தது. 426 சதுர கிலோமீட்டர், 200 வட்டங்கள் என்று ஆயிற்று. இத்தனை பெரிய நகரத்தின் அன்றாடக் குப்பை 5,000 டன்னுக்கு மேல். பல பத்தாண்டுகளாக இந்தக் குப்பைக்கு இரண்டே இரண்டு வாசல்கள்தான் இருந்துவந்தன. ஒன்று தெற்கே பெருங்குடி. மற்றொன்று வடக்கே நம்முடைய கொடுங்கையூர்.

பெருங்குடியில் குப்பையைக் கொட்டிய இடம் என்ன தெரியுமா? பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம். மழைநீரைத் தாங்கி நிற்கவும், ஊரை வெள்ளத்திலிருந்து காக்கவும் இயற்கை கொடுத்த பள்ளம் அது. 2022-இல் அந்தச் சதுப்பு நிலத்துக்கு ராம்சார் என்ற சர்வதேச அங்கீகாரம் கிடைத்தது. அதே 2022-ஆம் வருஷம் ஏப்ரல் 27-ந் தேதி அங்கேயிருந்த குப்பைமேடு தீப்பிடித்து, நாட்கணக்கில் புகைந்து, சுற்று வட்டாரத்தையே மூச்சுத் திணற வைத்தது.

கொடுங்கையூரின் கதை என்ன? சுமார் 250 ஏக்கர் நிலத்தில் 66 லட்சம் டன் பழைய குப்பை கிடந்தது. அதைத் தோண்டிச் சலித்துப் பிரிப்பதற்கு மட்டும் நூற்றுக்கணக்கான கோடி ரூபாயில் திட்டம் போட வேண்டியதாயிற்று. பிரிக்காமல் கொட்டியதற்கு நாம் கொடுக்கும் அபராதம் இது! அன்றே பிரித்திருந்தால் உரமாகவும் பண்டமாகவும் ஆகியிருக்கக்கூடியதை மலையாகக் குவித்துவிட்டு, மலையைக் கரைக்க இன்று பொதுப்பணத்தைக் கொட்டுகிறோம்.

குப்பை ஏன் கொடுங்கையூருக்கு வந்தது? போட் கிளப் சாலைக்கு ஏன் போகவில்லை? 1845-இல் எங்கெல்ஸ் இங்கிலாந்துத் தொழிலாளி வர்க்கத்தின் நிலைமையை எழுதியபோது, மான்செஸ்டர் நகரில் தொழிலாளர் குடியிருப்புகளைச் சூழ்ந்து கிடந்த கழிவுக் குவியல்களைத் தெருத்தெருவாக விவரித்தார். அந்த நகரத்துக்கும் நம் நகரத்துக்கும் கடல்கள் குறுக்கே கிடக்கின்றன. ஆனால் விதி ஒன்றுதான். நிலத்தின் விலை எங்கே குறைவோ, ஜனங்களின் குரல் எங்கே பலவீனமோ, அங்கேதான் நகரம் தன் அழுக்கைக் கொட்டும்.

வாளிக்குள் என்ன இருக்கிறது?

விஷயத்தைச் சற்று விவரமாகப் பார்ப்போம். நம் வீட்டு வாளியைத் திறந்தால் பாதிக்கு மேல் சமையற்கட்டுக் கழிவு. காய்கறித் தோல், மீன் செதில், எஞ்சிய சோறு, டீத்தூள், வாடிய பூ. இது மண்ணிலிருந்து வந்தது. மண்ணுக்கே திரும்ப வேண்டியது. இரண்டாவது, காகிதம், அட்டை, பாட்டில், தகரம், பால் கவர். இது ஆலைக்குத் திரும்ப வேண்டியது. மூன்றாவது, பழைய பாட்டரி, குழல் விளக்கு, காலாவதியான மருந்து, பிளேடு, ஊசி. இது யார் கையிலும் படாமல் தனியே போக வேண்டியது.

மூன்றும் தனித்தனியே இருந்தால் மூன்றுக்கும் வழி உண்டு. மூன்றையும் ஒரே கவரில் போட்டு முடிச்சுப் போட்டால் என்ன நடக்கிறது? சாம்பார் பட்ட காகிதத்தை எந்த ஆலையும் வாங்காது. கண்ணாடித் துண்டு கலந்த உரத்தை எந்த விவசாயியும் வயலில் போடமாட்டான். ஒரு பாட்டரி உடைந்தால் ஒரு வாளி உரம் விஷமாகிறது. ஆகவே, கலப்பது என்ற ஒரே செயலினால் மூன்று பண்டங்கள் ஒரு குப்பையாகிவிடுகின்றன.

அதோடு முடியவில்லை. காய்கறிக் கழிவு காற்றோட்டமாக இருந்தால் புழுங்கி, சூடேறி, ஒன்றரை இரண்டு மாதத்தில் மண்வாசனையுள்ள உரமாகிவிடும். அதே கழிவு காற்றுப் புகாமல் மலையின் அடியில் அமுங்கிக் கிடந்தால் மீத்தேன் வாயுவை உண்டாக்குகிறது. எரியும் வாயு அது. குப்பைமேடு தீப்பிடித்தால் அதை எளிதில் அணைக்க முடியாமல் போவதற்கு இதுவே முக்கிய காரணம். அழுகிய சாறு கீழே இறங்கி நிலத்தடி நீரில் கலக்கிறது. நம் வீட்டு அடுப்பங்கரைக்கும் கொடுங்கையூர்க் குழந்தையின் இருமலுக்கும் இடையே உள்ள சங்கிலி இதுதான்.

கார்ல் மார்க்ஸ் 'மூலதனம்' மூன்றாம் தொகுதியில், லண்டன் நகரம் வயலுக்கு உரமாக வேண்டிய கழிவைப் பெருஞ்செலவு செய்து தேம்ஸ் நதியில் கலந்து நதியையும் கெடுப்பதைச் சுட்டிக்காட்டினார். லாபத்துக்காக நடக்கும் உற்பத்தி, மண்ணிலிருந்து எடுத்ததை மண்ணுக்குத் திருப்பிக் கொடுப்பதில்லை என்பதே அதன் சாரம். நாம் கூவத்தையும் பள்ளிக்கரணையையும் கண்ணெதிரே வைத்துக்கொண்டு அதை விளங்கிக்கொள்ளாமல் இருக்கலாமா?

யாருடைய கை?

இப்போது மிக முக்கியமான விஷயத்துக்கு வருவோம். இந்தக் கூட்டத்தில் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் தாய்மார்களின் கைகளைப் பாருங்கள். உள்ளங்கையில் தழும்பு இல்லாத ஒருவராவது இருக்கிறாரா? உடைந்த கண்ணாடி டம்ளரை நாம் கவரில் சுற்றி எறிகிறோம். சவரம் செய்த பிளேடைச் சோற்றோடு போடுகிறோம். இன்சுலின் ஊசியைக் காகிதத்தில்கூடச் சுற்றாமல் போடுகிறோம். கலந்த குப்பையைக் கையால் பிரிக்கிறவள் அந்தக் கவரை அவிழ்க்கும்போது அது அவள் கையைக் கிழிக்கிறது. ஒரு கீறலுக்கு ஊசி போட்டுக்கொள்ள ஆஸ்பத்திரிக்குப் போனால் அன்றைய கூலி போய்விடுகிறது.

நாம் செய்யாத வேலையை அவள் செய்கிறாள். அதுவும் யார் செய்கிறார்கள்? தலைமுறை தலைமுறையாகத் தாழ்த்தப்பட்ட மக்களே இந்த வேலையில் தள்ளப்பட்டிருக்கிறார்கள். "யாரோ எடுத்துக்கொள்வார்கள்" என்று நாம் சொல்லும்போது, அந்த 'யாரோ' என்ற சொல்லுக்குள் ஜாதி ஒளிந்துகொண்டிருக்கிறது. மேடையில் ஜாதி ஒழிப்பைப் பற்றி முழங்கிவிட்டு, வீட்டிலே கலந்த குப்பையை வாசலில் வைப்போமானால், நம் முழக்கம் பொய்.

இந்தத் தொழிலாளர்களுக்கு நகரம் கொடுத்த பரிசு என்ன? 2000-ஆம் ஆண்டில் சென்னையின் மூன்று மண்டலங்களில் குப்பை எடுக்கும் வேலை தனியார் கம்பெனிக்கு விடப்பட்டது. அன்று தொடங்கிய வழி நாளடைவில் மண்டலம் மண்டலமாகப் பரவியது. 2025-இல் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களையும் கண்டிராக்டுக்கு விட்டார்கள். பல வருஷங்களாகக் கார்ப்பரேஷனுக்கு நேரடியாக உழைத்த தொழிலாளர்கள், பெரும்பாலும் பெண்கள், அந்த ஆகஸ்டு முதல் தேதியிலிருந்து ரிப்பன் மாளிகை வாசலிலே அமர்ந்தார்கள். மாதம் ஏறத்தாழ 23,000 ரூபாய் வாங்கிய எங்களை 17,000 ரூபாய்க்குத் தள்ளுகிறீர்களே என்பது அவர்கள் எழுப்பிய நியாயமான கேள்வி. பதின்மூன்று நாட்கள் வெயிலிலும் மழையிலும் இருந்தார்கள். 13-ந் தேதி நள்ளிரவில் போலீஸ் அவர்களைத் தூக்கி வண்டியில் ஏற்றியது.

அந்தப் பதின்மூன்று நாட்களில் நம் தெருக்களில் குப்பை தேங்கியபோது நம்மில் சிலர் யாரைத் திட்டினோம்? ரிப்பன் மாளிகையையா, தொழிலாளர்களையா? மனசாட்சியைத் தொட்டுப் பதில் சொல்லுங்கள்.

கண்டிராக்ட் முறைக்கும் குப்பையைப் பிரிப்பதற்கும் உள்ள சம்பந்தத்தையும் கவனிக்க வேண்டும். டன் கணக்கில் பணம் என்று ஒப்பந்தம் போட்டால், குப்பை குறைந்தால் கண்டிராக்டருக்கு நஷ்டம். பிரித்தால் எடை குறையும். உரமாக்கினால் எடை குறையும். எடையில் லாபம் பார்க்கிறவன் எடையைக் குறைக்க ஏன் முயற்சி செய்யப்போகிறான்? இதைப் புரிந்துகொண்டால், நிரந்தர வேலை என்ற தொழிலாளரின் கோரிக்கையும் சுத்தமான தெரு என்ற நம் கோரிக்கையும் வேறு வேறு அல்ல என்பது விளங்கும்.

காயலாங்கடையின் உழைப்பு

மறு உபயோகம், மறுசுழற்சி என்றெல்லாம் இப்போது பெரிய மாநாடுகளில் பேசுகிறார்கள். நம் பேட்டைகளில் அது புதிய விஷயமல்ல. பழைய பேப்பர்காரர் தராசோடு வருகிறார். காயலாங்கடைக்காரர் பாட்டிலைத் தனியாக, தகரத்தைத் தனியாக, பித்தளையைத் தனியாகப் போடுகிறார். கோணிப்பையோடு விடியற்காலையில் புறப்படும் பெண், கண்ணால் பார்த்த மாத்திரத்தில் எது எந்த ரக பிளாஸ்டிக் என்று சொல்கிறாள். இந்த நகரத்திலிருந்து ஆலைகளுக்குத் திரும்பிப் போகும் பண்டங்களில் பெரும்பகுதி இவர்கள் கைவழியாகத்தான் போகிறது. இவர்களுக்குச் சம்பளம் கிடையாது, விடுமுறை கிடையாது, அடையாள அட்டைகூடப் பெரும்பாலோருக்குக் கிடையாது. போலீஸ்காரன் விரட்டினால் ஓட வேண்டும்.

இவர்களைக் குப்பை நிர்வாகத்தில் சேர்க்க வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகளிலேயே எழுதினார்கள். கையுறை, காலணி, மழைச்சட்டை கொடுக்க வேண்டும் என்றும் எழுதினார்கள். வீடுகளில் மூன்றாகப் பிரிக்க வேண்டும் என்று அன்று சொன்ன சர்க்கார், 2026-ஆம் ஆண்டின் புதிய விதிகளில் நான்காகப் பிரிக்கச் சொல்கிறது. அதாவது நாப்கின், டயாப்பர் போன்றவற்றையும் தனியே வைக்க வேண்டும். நல்லது. விதி எழுதுவதில் குறைவில்லை. காகிதத்தில் உள்ள கையுறை தொழிலாளியின் கைக்கு வருவது எப்போது என்பதே நம் கேள்வி.

எரித்துவிட்டால் தீருமா?

"இவ்வளவு தொல்லை எதற்கு? எல்லாவற்றையும் எரித்து மின்சாரம் எடுத்துவிடலாமே!" என்று சிலர் சொல்கிறார்கள். கொடுங்கையூரிலேயே நாளொன்றுக்கு 2,000 டன்னுக்கு மேல் எரிக்கும் உலை அமைக்கத் திட்டம் வந்தபோது, 2025 மே மாதத்தில் வடசென்னை மக்கள் மனிதச் சங்கிலியாக நின்று எதிர்த்தார்கள்.

அவர்கள் விஞ்ஞானத்துக்கு விரோதிகளா? இல்லை. விஞ்ஞானம்தான் அவர்கள் பக்கம் நிற்கிறது. நம் குப்பையில் பாதிக்கு மேல் ஈரம். ஈர விறகை ஊதி ஊதிக் கண்ணெரிச்சல் பட்ட தாய்மார்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஈரம் எரியாது, உலை நன்றாக எரிய வேண்டுமானால் காகிதமும் பிளாஸ்டிக்கும் வேண்டும். அதாவது காயலாங்கடைக்குப் போக வேண்டிய பண்டத்தை உலை தின்றுவிடும். பி.வி.சி. போன்றவை எரியும்போது டையாக்சின் என்ற கொடிய நஞ்சு உண்டாகலாம். எரித்த பிறகும் எடையில் ஐந்தில் ஒரு பங்கு, சில சமயம் நான்கில் ஒரு பங்கு சாம்பலாக மிஞ்சும். அந்தச் சாம்பலைக் கொட்ட மறுபடியும் ஓர் இடம் வேண்டும். அந்த இடம் எது என்பதை நாம் ஊகிப்பது கஷ்டமல்ல. அனல் மின் நிலையப் புகையையும் மணலி ஆலைகளின் புகையையும் சுவாசிக்கும் மக்களின் நெஞ்சில் இன்னொரு புகைக்கூண்டா? எந்த வடிவில் வந்தாலும் இதை நாம் எதிர்ப்போம்.

உற்பத்தி செய்தவன் எங்கே?

மற்றொன்றையும் மறந்துவிடக் கூடாது. நாம் என்ன பிரித்தாலும், பிரிக்கவே முடியாத குப்பை ஒன்று மிஞ்சுகிறது. சிப்ஸ் பாக்கெட், ஷாம்பு பாக்கெட், பான்மசாலா பாக்கெட். பிளாஸ்டிக்கும் உலோகத் தகடும் அடுக்கடுக்காக ஒட்டியிருப்பதால் இதைக் காயலாங்கடைக்காரர்கூடத் தொடமாட்டார். தினக்கூலிக்காரனிடம் பாட்டில் வாங்கக் காசில்லை என்பதை அறிந்து, ஒரு ரூபாய் இரண்டு ரூபாய்க்குச் சிறு பாக்கெட் போட்டு விற்றுக் கம்பெனிகள் கோடி கோடியாகச் சம்பாதித்தன. லாபம் கம்பெனிக்கு, பாக்கெட் நம் சாக்கடைக்கு! சாக்கடை அடைத்து மழைத் தண்ணீர் வீட்டுக்குள் வந்தால் "ஜனங்களுக்குப் பொறுப்பில்லை" என்று உபதேசம் நமக்கு!

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதல் ஒருமுறை மட்டும் உபயோகிக்கும் பிளாஸ்டிக் பண்டங்கள் பலவற்றுக்குத் தடை வந்தது. தடைக்குப் பயந்தவர் யார்? தள்ளுவண்டிக்காரரும் பூக்கார அம்மாளும்தான். அவர்களுக்கு அபராதம் விழுந்தது. பெரிய கம்பெனியின் பாக்கெட் கடைச் சரத்தில் கம்பீரமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. உற்பத்தி செய்தவனே தன் உறையைத் திரும்பப் பெற வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அதை நடைமுறைக்குக் கொண்டுவர மக்கள் இயக்கம் வேண்டும்.

"லாரியில் ஒன்றாகத்தானே கொட்டுகிறார்கள்?"

இந்தத் தெருக்களில் வீடு வீடாகப் போனபோது நாங்கள் மிக அதிகமாகக் கேட்ட கேள்வி இது. "நாங்கள் பிரித்துக் கொடுத்தாலும் வண்டியில் ஒன்றாகத்தானே கொட்டுகிறார்கள்? பிறகு எதற்குப் பிரிக்க வேண்டும்?" நியாயமான கேள்வி. மழுப்பிப் பதில் சொல்ல நாம் விரும்பவில்லை. பல இடங்களில் அப்படித்தான் நடக்கிறது. ஆனால் தொழிலாளர்களைக் கேட்டால் என்ன சொல்கிறார்கள்? "தெருவில் பத்து வீடு பிரிக்கிறது, நாற்பது வீடு கலக்கிறது. வண்டியில் தனி அறை இருந்தும் என்ன செய்ய?" என்கிறார்கள். மக்கள் வண்டியைக் காட்டுகிறார்கள். வண்டி மக்களைக் காட்டுகிறது. நடுவிலே அதிகாரி தப்பித்துக்கொள்கிறார்!

இந்த வட்டத்தை எங்கேயாவது ஓரிடத்தில் உடைக்க வேண்டும். நாம் உடைப்போம். ஒரு தெரு முழுவதும் பிரித்துக் கொடுத்துவிட்டு, அந்தத் தெருவே வண்டிக்கு முன்னால் நின்று, "இதைக் கலக்கக் கூடாது" என்று கேட்டால், எந்த அதிகாரியும் பதில் சொல்லியே தீர வேண்டும். கடமையைச் செய்த ஜனங்களின் கேள்விக்கு இருக்கும் பலம் தனி.

முடியும் என்பதற்கு அத்தாட்சி

இது கனவல்ல. கேரளத்தில் ஆலப்புழை நகரம் தன் குப்பையைப் பக்கத்துப் பஞ்சாயத்தில் உள்ள சர்வோதயபுரத்தில் கொட்டிவந்தது. 2012-இல் அந்த ஊர் ஜனங்கள் லாரிகளைத் தடுத்தார்கள். நகரம் நாறியது. கம்யூனிஸ்ட் தலைவரும் அப்போதைய சட்டமன்ற உறுப்பினருமான தோழர் தாமஸ் ஐசக்கும் நகரசபையும் சேர்ந்து, குப்பையை உண்டாகும் இடத்திலேயே தீர்க்கும் இயக்கத்தை அவ்வருஷமே தொடங்கினார்கள். வீட்டுக்குக் குழாய் உரத்தொட்டியும் எரிவாயுக் கலனும், பொது இடத்தில் காற்றோட்டமுள்ள உரத்தொட்டிகளும் வந்தன. 2017-இல் ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் ஸ்தாபனம், உலகில் குப்பைப் பிரச்சினையைச் சமாளித்துக் காட்டிய ஐந்து நகரங்களில் ஒன்றாக ஆலப்புழையைக் குறிப்பிட்டது.

புனாவில் குப்பை பொறுக்கும் பெண்கள் 1993-இல் சங்கம் கண்டார்கள். பின்னர் அவர்களே ஒரு கூட்டுறவு அமைத்து, வீடு வீடாகக் குப்பை எடுக்கும் பொறுப்பை நகரசபையிடமிருந்து பெற்றார்கள். இன்று ஆயிரக்கணக்கானோர் அதில் உறுப்பினர்கள். நடுவில் கண்டிராக்டர் இல்லை.

ஆனால் எச்சரிக்கையும் வேண்டும். அதே கேரளத்தில் கொச்சி நகரின் பிரம்மபுரம் குப்பைமேடு 2023 மார்ச்சில் பத்து நாட்களுக்கு மேல் எரிந்தது. கொடியின் நிறம் மட்டும் குப்பையைப் பிரித்துவிடாது. ஜனங்கள் விழிப்பாக இருந்த இடத்தில் நகரம் சுத்தமாயிற்று. விழிப்புக் குறைந்த இடத்தில் நெருப்புப் பிடித்தது.

முதலில் நம் வீடு

ஆகவே தோழர்களே, சுயவிமர்சனம் செய்துகொள்வோம். நம் சொந்த வீடுகளில், சங்க அலுவலகங்களில், மாநாட்டுப் பந்தல்களில் குப்பையைப் பிரிக்கிறோமா? கூட்டம் முடிந்ததும் பிளாஸ்டிக் டம்ளர்களை விட்டுவிட்டுப் போகிறோம். மறுநாள் காலையில் பொறுக்குகிறவள் நம் வர்க்கச் சகோதரிதானே?

இன்னொன்று. "பிரிக்க வேண்டும்" என்று தீர்மானம் போட்டால் அந்த வேலை யார் தலையில் விழும்? வீட்டுப் பெண்கள் தலையில். தண்ணீர் பிடிப்பது, சமைப்பது, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவது, இவற்றோடு இதுவும் ஒன்றா? ஆகவே ஆண் தோழர்களுக்கு ஒரு வேலை. குப்பை வாளி இனி உங்கள் பொறுப்பு. உரத்தொட்டியைக் கிளறுவது, காய்ந்த இலையைப் போடுவது, காலையில் வண்டி வரும்போது வாளியோடு வாசலில் நிற்பது எல்லாம் உங்கள் வேலை. கையில் அழுக்குப் பட்டால் கௌரவம் குறையாது. அழுக்கை இன்னொருவர் கைக்குத் தள்ளுவதில்தான் மனிதனின் கௌரவம் குறைகிறது.

இன்று இந்தக் கூட்டம் ஏற்க வேண்டிய முடிவுகள் இவை. நம் வீடுகளில் நாளை முதல் பிரித்து வைப்போம். கண்ணாடியும் பிளேடும் ஊசியும் கெட்டிக் காகிதத்தில் சுற்றி, அடையாளமிட்டு, தனியே கொடுப்போம். ஒவ்வொரு தெருவுக்கும் இருவரைத் தேர்ந்தெடுப்போம். அவர்களில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். வட்டத்துக்குள்ளேயே உரம் தயாரிக்கும் மையத்தைத் திறந்து ஒழுங்காக நடத்தும்படி கார்ப்பரேஷனைக் கேட்போம். துப்புரவுத் தொழிலாளர்களுக்கு நிரந்தர வேலை, முழுச் சம்பளம், பாதுகாப்புச் சாதனங்கள். குப்பை பொறுக்கும் மக்களுக்கு அடையாள அட்டை. கொடுங்கையூரில் எரி உலை கூடாது. பாக்கெட்டை உற்பத்தி செய்யும் கம்பெனியே அதைத் திரும்பப் பெற வேண்டும். இந்தக் கோரிக்கைகளோடு வீடு வீடாகக் கையெழுத்து வாங்குவோம்.

1918-இல் இந்த வடசென்னையில்தான் ஆலைத் தொழிலாளர்கள் சென்னைத் தொழிலாளர் சங்கத்தைக் கண்டார்கள். 1923-இல் இந்த நகரத்தின் கடற்கரையில்தான் சிங்காரவேலர் மே தினக் கொடியை ஏற்றினார். சின்னச் சின்னக் கோரிக்கைகளுக்காகத் தெருவிலே கூடிய ஜனங்களே பெரிய சங்கங்களைக் கட்டினார்கள். வாளி சிறியதுதான். ஆனால் அதைத் தூக்கிக்கொண்டு ஒரு தெருவே ஒன்றாக நிற்குமானால், அது சிறிய விஷயமல்ல.

நாளை காலை வண்டியின் மணி கேட்கும்போது சந்திப்போம்.